பந்தலில் ஒலித்த துப்பறியும் பாட்டு

நேற்று காப்பிக் கடை வானொலியில் ஒரு கித்தார் ‘டுண்டுண் டுண்டுண்’ என்று பதுங்கிப் பதுங்கி வந்தது. வெளியிடத்தில் சத்தமாகச் சிரித்துப் பழகாத நான் சிரித்துவிட்டேன்.

எண்பதுகளில் எங்கள் பக்கத்து வீட்டில் ராஜம் அத்தை இருந்தார். கல்யாண மேடைகளில் பாடிப் பெயர் எடுத்தவர். பிள்ளைகள் பிறந்ததும் பாட்டை விட்டுவிட்டு, பல வருடங்கள் கழித்து ஒரு கேசட் வெளியிட்டார். இசையமைத்த பையன்கள் துப்பறியும் படம்போல கித்தாரும் டிரம்பெட்டுமாகப் போட்டிருந்தார்கள்.

“இந்த வயசுல இதைக் கேட்டா சிரிப்பாங்க லா” என்று பயந்து, அம்மாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

அட்டையில் அத்தை பட்டுப்புடவையும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருந்தார். பக்திப் பாட்டு என்று நினைத்த அப்பா, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் பாதையில் நாங்கள் போட்டிருந்த மோர்ப் பந்தலில் அதைப் போட்டுவிட்டார். ஒலிபெருக்கியில் கித்தார் பதுங்கியது. மோர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை குவளையோடு ஓடி வந்தார்.

“ஐயோ அண்ணே, நிறுத்துங்க! பூசத்துல போயி இந்தப் பாட்டா?”

பதறிய அப்பா தவறான குமிழைத் திருக, சத்தம் இன்னும் கூடியது. அதற்குள் பந்தலுக்கு முன்னால் வந்த உறுமி மேளக்காரர்கள் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். காவடி எடுத்தவர் சுழன்று சுழன்று ஆடினார். பாட்டு முடிந்ததும் உறுமிக்காரர் மூச்சு வாங்கக் கேட்டார்.

“யாருண்ணே பாடுனது? நல்லா இருக்கு லா! இன்னொரு தடவை கேசட்டைப் போடுங்க.”

அத்தை மோர்க் குவளையை என் கையில் திணித்துவிட்டு உறுமிக்காரரிடம் திரும்பினார்.

“கேசட் எதுக்கு தம்பி? மைக்கைக் கொடுக்கச் சொல்லு!”