ரோபோவாக நின்ற ஒரு சனிக்கிழமை

கோயம்புத்தூரிலிருந்து புனேக்குக் குடிவந்த முதல் வருடம் நடந்தது இது. கணவருக்கு ஹிஞ்சேவாடியில் வேலை, வீடு வாகட்டில். குழந்தை பிறந்தபோது விட்ட சாஃப்ட்வேர் வேலையை மறுபடி தேடிப் போனால், இடைவெளி அதிகம் என்று போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் குழந்தைகளுக்குக் கோடிங் சொல்லித்தரும் ஒரு பள்ளியில் கூப்பிட்டார்கள். ஹிந்தி வருமா என்ற கேள்விக்கு, சமாளித்துக்கொள்வேன் என்று கொஞ்சமும் கூசாமல் சொல்லிவிட்டேன். உண்மையில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசக்கூட வராது. ஐ.டி.க்காரர்கள் குடியிருக்கும் வாகட் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் ஆங்கிலத்திலேயே ஓட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

என் கணக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது? ஊரின் மறுபக்கம் ஏரவாடாவில் சனிக்கிழமைதோறும் நடக்கும் இலவச வகுப்புக்கு என்னைப் போட்டார்கள். அங்கே பிள்ளைகள் பேசுவது ஹிந்தியும் மராத்தியும்தான். முதல் வகுப்பை மேலாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார், பிடித்திருந்தால்தான் வேலை. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆரம்ப வரிகளை ஹிந்தியில் எழுதி வாங்கி, சமையலறையில் நின்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

முதல் பாடத்துக்குக் கம்ப்யூட்டரே கிடையாது. மேஜையில் பிரெட், ஜாம் பாட்டில், ஒரு ஸ்பூன். ஆசிரியர்தான் ரோபோ. பிள்ளைகள் கட்டளை சொல்லச் சொல்ல, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். ரோபோ தப்பாகச் செய்தால் தப்பு ரோபோ மேல் இல்லை, கட்டளை மேல்தான் என்ற விதியை ஆங்கிலத்தில் பலகையில் எழுதி, மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு விறைப்பாக நின்றேன்.

ஒரு பையன் ஏதோ சொன்னான். பிரெட், ஜாம் என்ற இரண்டுதான் காதில் விழுந்தது. பாட்டிலைத் தூக்கி அப்படியே பிரெட் மேல் வைத்தேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மேலாளரும் சிரித்தார். பிள்ளைகள் எனக்கு நடிப்பு பிரமாதமாக வருகிறது என்று நினைத்துவிட்டார்கள்!

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. ஆளாளுக்கு நீளநீளமாகக் கட்டளை போட ஆரம்பித்தார்கள். ஒன்றும் புரியவில்லை. மரம் மாதிரி நின்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது. மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகில் வியர்வை வழிகிறது. போச்சு, வந்த வேலையும் போச்சு. என்னையறியாமல் "ஐயோ சாமி" என்று முணுமுணுத்துவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி சட்டென்று எழுந்தாள். ஒன்பது வயது இருக்கும், ரெட்டைப் பின்னல். பலகையில் இருந்த விதியைக் காட்டி மற்ற பிள்ளைகளிடம் ஏதோ சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரே ஒரு சொல் சொன்னாள், கையால் மூடியைத் திருகுவது போலக் காட்டினாள். நான் மூடியைத் திறந்தேன். அடுத்த சொல், ஸ்பூனைப் பிடிப்பது போல் கை. பிடித்தேன். மற்ற பிள்ளைகளும் அதே பாணிக்கு வந்துவிட்டார்கள். ஒரு சொல், ஒரு சைகை என்று பிரெட்டில் ஜாம் தடவி முடித்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. கட்டளையை இவ்வளவு சின்னச் சின்னப் படியாக உடைக்க இந்தப் பாடத்தில் எந்தப் பிள்ளைகளும் கற்றதில்லை என்று மேலாளர் கைகுலுக்கி, அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

எல்லாரும் போன பிறகு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமி பக்கத்தில் வந்து, "மிஸ், உங்க துப்பட்டாவுல ஜாம் ஒட்டியிருக்கு" என்றாள். சுத்தத் தமிழ்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடிப்பாவி, தமிழாடி நீ? அப்பவே தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

"சொன்னா சாருக்குத் தெரிஞ்சிருமே மிஸ், உங்களுக்குப் புரியலைன்னு."

துணியைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் சாமியைக் கூப்பிட்டதைக் கேட்டுத்தான் நானும் தமிழ் என்று கண்டுபிடித்தாளாம். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த புதிதில் அவளும் பள்ளியில் இப்படித்தான் நின்றாளாம். எல்லாரும் சிரித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்த மராத்திப் பெண் மட்டும் ஒரு சொல், ஒரு சைகை என்று சொல்லிக் கொடுத்தாளாம். அதைத்தான் எனக்குச் செய்தாள். அவளைக் கட்டிக்கொண்டேன், ஜாம் அவள் சட்டையிலும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரமே மேலாளரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டு, சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். இப்போது ஓரளவு பேசுகிறேன், பிள்ளைகள் கிண்டல் செய்யும் அளவுக்கு. ஆனால் எந்தக் குழந்தையாவது பதில் சொல்லாமல் திருதிருவென்று விழித்தால், கோபம் வருவதற்கு முன்னால் அந்த ரெட்டைப் பின்னல் கண்ணில் வந்து நிற்கும். சொன்னதை இன்னும் சின்னதாக உடைத்து, கையையும் சேர்த்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொல்வேன்.