காணாமல் போனவரின் நடை

படப்பிடிப்பில் எல்லோரும் அவரை முதுகு சார் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலி இல்லை, வேலையே அதுதான். ஓடிடிக்காரர்கள் சொந்தமாக எடுக்கிற டாக்குமெண்டரிகளில் ஏமாந்துபோன மேனேஜர், கொலையான டாக்டர், ஓடிப்போன கூட்டாளி என்று யாராவது ஒருவர் மாடிப்படி ஏறுவார், கார் சாவியை மேஜையில் வைப்பார். முகம் மட்டும் தெரியாது. முகத்துக்கு நிஜ ஆளின் போட்டோ இருக்கிறது. மற்றதெல்லாம் முதுகு சார்.

வயது அறுபதைத் தாண்டியிருந்தது. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். கேட்டைத் தட்டுவது, குனிந்து பார்ப்பது, எழுதிக்கொண்டு கிளம்புவது. அந்த வேலையில் யாரும் முகம் பார்த்துப் பேசியதாக அவருக்கு ஞாபகம் இல்லை. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு மிஞ்சியது மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி, ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையின் போன். அதுவும் 'சாப்டியாண்ணா, உடம்பு எப்படி இருக்கு, சரி வெச்சிடறேன்' என்பதோடு முடிந்துவிடும்.

கீழ் வீட்டுப் பெண் அந்தப் படங்களுக்குக் காஸ்ட்யூம் பார்க்கிறவள். ஒருநாள் படியில் அவர் பின்னாலேயே ஏறி வந்து, "தப்பா நினைக்காதீங்க சார், உங்க முதுகு எங்களுக்கு வேணும்" என்றாள். ரிட்டையர் ஆன பிறகு அவரிடம் ஒருவர் எதையாவது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை, பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டதைச் சேர்க்காவிட்டால்.

நாலு வருஷத்தில் ஒன்பது படம் ஆயிற்று. ஒவ்வொன்று வந்ததும் தங்கை போன் செய்வாள்.

"எங்கேண்ணா வர்றே? கண்ணு வலிக்கப் பாத்தேன்."

"பன்னண்டாவது நிமிஷம். கோட்டு போட்டுட்டுப் போறேன் பாரு."

"அது நீயா? யாரோன்னு நினைச்சேன்."

பத்தாவது படம் மூன்று பாகம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்பு வாங்கிவரப் போன ஒருவர் வீடு திரும்பவேயில்லை. பள்ளிக்கூட லேபில் உதவியாளராக இருந்தவர். செத்தாரா, இருக்கிறாரா, ஒரு துப்பும் இல்லை. அவருடைய ஒரே மகள் இப்போது பல் டாக்டர். படத்தில் பேச ஒத்துக்கொண்டிருந்தாள். பழைய வீட்டின் ஜாடையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அவர் கிளம்பிப் போவதை எடுத்த அன்று அவளும் வந்திருந்தாள்.

முதுகு சார் கூடத்தைக் கடந்து, கதவைத் திறந்து, வெளியே போனார். டைரக்டர் ஓகே சொல்ல வாயெடுத்தார். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டர், "அப்பா இப்படி நடக்க மாட்டார்" என்றாள்.

"நீங்களே சொல்லிக் குடுங்களேன் மேடம்" என்றார் டைரக்டர்.

அவள் வந்து முதுகு சாரின் வலது தோளை இரண்டு விரலால் லேசாக அழுத்தினாள். "இது கொஞ்சம் இறங்கியிருக்கும். எப்பவும் பை தூக்கித் தூக்கி அப்படி ஆயிடுச்சு. அப்புறம் கதவுகிட்ட நின்னு பாக்கெட்டைத் தட்டிப் பாப்பார், கண்ணாடி இருக்கான்னு. மூக்கு மேலயே இருந்தாலும் தட்டுவார்."

"ஒரு தட்டா, ரெண்டா?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "ரெண்டு."

இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் இரண்டு பேரும் அந்தக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் அவர் முழங்கையைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, கூட்டி, மறுபடி குறைத்து நடத்திப் பார்த்தாள். தன் கையை ஒருவர் பிடித்து எத்தனை வருஷம் இருக்கும் என்று அவர் யோசிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஏழாவது டேக்கில் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனவர் அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது அவள் அங்கே இல்லை. "ஓகே சார்" என்றார் டைரக்டர், மானிட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்.

படப்பிடிப்பு முடிந்தது, நடை போகவில்லை. கடைக்குக் கிளம்பினால் வலது தோள் தானாக இறங்கியது. வீட்டைப் பூட்டியதும் கை போய்ச் சட்டைப் பாக்கெட்டை இரண்டு தட்டுத் தட்டியது. அவர் கண்ணாடியே போடாதவர். முதலில் வேடிக்கையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பிறகு துணையாக இருந்தது. இன்னொருவர் நடையோடு போகும்போது தெருவில் ஒண்டியாகப் போகிற மாதிரி இல்லை.

படம் வந்தது. அவர் வருவது பதினோரு செகண்ட். கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு போன் நம்பர் போட்டு, இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று எழுதியிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, முனைக் கடையில் பாலும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து, "அப்பா" என்று ஒரு குரல். அவரை அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது, அதனால் நிற்கவில்லை. மறுபடியும், "அப்பா". ஓடிவரும் காலடிச் சத்தம். ஒரு கை வலது தோளைப் பிடித்தது. திரும்பினார்.

பல் டாக்டர். கிளினிக்கிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், மாஸ்க் கழுத்தில் தொங்கியது. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தன் கையிலிருந்த பிரெட்டைப் பார்த்தார்.

"நீங்களா" என்றாள்.

"நான்தாம்மா."

மூடியிருந்த கடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "நாலு பேர் போன் பண்ணாங்க சார். இந்தத் தெருன்னு சொன்னாங்க. தோள் இறங்கியிருக்கு, பாக்கெட்டைத் தட்டறார்னு சொன்னாங்க. போலீஸ் பாத்துக்கறோம்னாங்க. எனக்குத்தான் இருப்புக் கொள்ளலை."

"தெரிஞ்சு பண்ணலைம்மா. ஒட்டிக்கிச்சு." கொஞ்சம் தயங்கி, "விட மனசு வரலை" என்றார்.

"ஏன்?"

"வீட்டுல யாரும் இல்லை."

அது பதில்தானா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள். "இனிமே அப்படி நடக்காதீங்க சார். மறுபடி யாராவது போன் பண்ணா நான் வருவேன். நீங்கதான்னு தெரிஞ்சாலும் வருவேன்."

"சரிம்மா."

வீட்டுக்கு வந்து ஒரு டீ சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் அவள் கார் கிளம்பிவிட்டது.

நடையை விடுவது பெரும்பாடாக இருந்தது. பையை இடது கைக்கு மாற்றினார். பாக்கெட் இல்லாத சட்டையாகப் பார்த்துப் போட்டார். தோளைத் தூக்கினால் கால் தடுமாறியது. இதற்கு முன்னால் எப்படி நடந்துகொண்டிருந்தோம் என்று யோசித்தால் ஒன்றுமே பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கையிடமே கேட்டார்.

"நான் எப்படி நடப்பேன்?"

"எல்லாரும் மாதிரிதாண்ணா நடப்பே. ஏன், கால் வலிக்குதா?"

"இல்லை. சும்மா கேட்டேன்."

மறுநாள் முனைக் கடைக்காரர் பாக்கி சில்லறையைக் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க சார். அன்னிக்கு அந்தம்மா உங்க பின்னாடி ஓடி வந்தப்பதான் தப்புன்னு புரிஞ்சது. போன் பண்ணவங்கள்ல நானும் ஒருத்தன். பதினோரு வருஷமா தினமும் வர்றீங்க, யாரு என்னன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. படத்தைப் பாத்ததும், நீங்கதான் அவரோன்னு தோணிடுச்சு." கொஞ்சம் கூச்சத்தோடு, "உங்க பேர் என்ன சார்?" என்றார்.

சொன்னார். கடைக்காரர் அதை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது அவர் காதில் இருந்தது.

அடுத்த நாள் போனபோது கடைக்காரர், "வாங்க சார், பாலும் பிரெட்டும்தானே?" என்றார்.

"ஆமாம்" என்று வாங்கிக்கொண்டு, எப்படி நடக்கிறோம் என்று யோசிக்காமலே நடந்தார்.