சரஸ்வதி பூஜையில் வைத்த கேசட்

டிவி கேம் ஆடி முடித்தவர்கள் பினாங்கில் ஆயிரம் பேர் இருக்கலாம். என்னைப்போல் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்த மேனிக்கே ஆடி முடித்தவர் யாராவது உண்டா என்று கேட்டால், சத்தியமாக இருக்க முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் பிளாட் வீட்டு ஹாலில் போட்ட கட்டிலில் கிடந்து மூன்று ஆட்டங்களை நான் கடைசிவரை பார்த்தேன். இன்றும் அவற்றை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

காரணம் வயிற்றில் இருந்த பிள்ளை. அதற்கு முந்தையது ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இரண்டாவது தங்கியதும் பெரியாஸ்பத்திரியின் சீன டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மலாயில் தீர்ப்புச் சொன்னார். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாம். எட்டு மாதம் தாண்டிவிட்டால் பயமில்லை. அதுவரை நடையே கூடாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவளுக்கு அது ஜெயில்தான். முதல் வாரத்திலேயே கூரையில் இருந்த ஈரக்கறைகளெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. கோபம் வேறு, யார் மீது என்று தெரியாத கோபம். பக்கத்தில் வந்தவர்கள்மீதெல்லாம் எரிந்து விழுந்தேன்.

என் வீட்டுக்காரர் ஜுருவில் கார் ரிப்பேர் பார்க்கிறவர். என் வாய்க்குப் பயந்தோ என்னவோ, ஒரு சனிக்கிழமை சூலியா தெருவில் பழைய சாமான் விற்கும் கடையில் ஒரு டிவி கேம் பெட்டியும் மூன்று கேசட்டுகளும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"கடைக்கார அண்ணன் சொன்னாரு, ஒரு கேசட்டு பூரா ஜப்பான்காரன் எழுத்தாம், படிக்க முடியாதாம். ஆனா பொழுது போவும்லா, எடுத்துட்டுப் போ தம்பின்னாரு."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கேட்டேன். அன்று சாயங்காலமே ஆடத் தொடங்கிவிட்டேன்.

முதல் ஆட்டம் விமானச் சண்டை. சுட்டுக்கொண்டே போக வேண்டியதுதான், பெரிய விஷயமில்லை. ஆனால் விமானம் மேலே எழும்பும்போது கடல்மேல் விழுந்த அதன் நிழல் சின்னதாகிக்கொண்டே போவதை ஒருநாள் கவனித்தேன். குண்டு மழையில் உயிர் தப்ப ஓடுகிறவன் எவன் நிழலைப் பார்ப்பான்? யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒருத்தன் உட்கார்ந்து அந்த நிழலைப் போட்டிருக்கிறான். எனக்குக் கை ஓடவில்லை. விமானம் அடிபட்டு விழுந்தது. கடைசியில் கப்பலில் இறங்கி மெடல் வாங்கியதும் ஆட்டம் மறுபடி அதே கடலில் தொடங்கியது. அதில் எனக்குக் கொஞ்சம் கடுப்புத்தான்.

இரண்டாவது, ஒரு பையன் கோபுரத்துக்குள் ஏறுவது. வௌவாலும் நெருப்பும் முள்ளுமாய் உயிரை வாங்கியது. உச்சிக்குப் போனால் ராஜகுமாரி, பொன், மாணிக்கம் என்று ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு ஜன்னல் திறந்தது. திரைச்சீலை ஆடியது. அவ்வளவுதான், ஒரு எழுத்துக்கூட இல்லை. அத்தனை நாள் இருட்டுக் கற்களையே பார்த்தவளுக்கு அந்தக் காற்று முகத்தில் அடித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கு அடித்தது.

என் அத்தை, அதாவது மாமியார், இதையெல்லாம் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு டுமீல் டுமீல்னு சுடற. அதுக்கும் காது கேக்கும்லா" என்பார். சொல்லிவிட்டுக் கீரை ஆய்வதற்கு டிவிக்கு எதிரிலேயே வந்து உட்காருவார்.

மூன்றாவதுதான் அந்த ஜப்பான் எழுத்துக் கேசட். நீலத் தொப்பி போட்ட சின்ன ஆள் ஒருவன், ஒரு ஊரிலிருந்து புறப்பட்டு நடக்கிறான். வழியில் பூதம் வந்தால் சண்டை. ஜெயிக்க ஜெயிக்க அவனுக்குப் பலம் ஏறும். சத்திரத்தில் படுக்க வைத்தால் அதுவரை நடந்தது கேசட்டுக்குள் பதிந்துவிடும், அடுத்த நாள் அங்கிருந்தே எழுந்து நடப்பான். ஊர்க்காரர்கள் பேசுவதெல்லாம் கொக்கி கொக்கியாய் எழுத்து வரும், ஒன்றும் விளங்காது. ஆனால் அங்கே ஒரு மீன்காரன் எப்போது போனாலும் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றான். பேச்சுக் கொடுத்தால் மற்றவர்களெல்லாம் என் பக்கம் திரும்பினார்கள், அவன் மட்டும் திரும்பவில்லை. சரி, அவன் பார்க்கிற பக்கம் போய்ப் பார்ப்போமே என்று போனேன். மலை இடுக்கைத் தாண்டியதும் திரை முழுக்க நீலம். கடல். அதுவரை இருந்த பாட்டு நின்று வேறொரு பாட்டு மெல்ல எழுந்தது.

எங்கள் பால்கனியில் நின்றால் அசல் கடலே தெரியும். ஃபெரி எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் போய்வருவது தெரியும். அந்தப் பத்தடி தூரத்தை நடக்க எனக்கு அனுமதி இல்லை. இங்கே கட்டை விரலால் நடந்து ஒரு கடற்கரைக்கு வந்திருந்தேன். மொழி தெரியாத எனக்கு, முகம் தெரியாத ஒருவன், ஒரு மீன்காரனை வடக்கே பார்க்க நிற்கவைத்து வழி சொல்லியிருக்கிறான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்கயாச்சும் வலிக்குதா?" என்று அத்தை பதறிக்கொண்டு எழுந்தார்.

அதன்பிறகு படகு கிடைத்தது, பாலைவனம் வந்தது, மலைமேல் ஒரு கோட்டை வந்தது. கோட்டைக்குள் இருந்த பெரிய பூதத்தை அடித்து வீழ்த்தினேன். முடிந்தது என்று நினைத்து வெளியே வந்தால் உலகமே வெள்ளை. அதே ஊர்கள், அதே பாதைகள், எல்லாவற்றின்மீதும் பனி. கதவுகள் சாத்தியிருந்தன. ஆறு உறைந்து, முன்பு போக முடியாத இடத்துக்கெல்லாம் பாதையாகக் கிடந்தது. நான் நடந்து முடித்த உலகம் மொத்தமும் புதிதாகிவிட்டது.

"என்னாடி இது, ஊர் பூரா மாவு கொட்டிக் கெடக்கு?" என்றார் அத்தை.

"பனி அத்தை."

"இவ்வளவுமா?" என்று கேட்டவர், அடுப்பில் இருந்ததை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆளைச் சத்திரத்தில் படுக்க வைத்துவிட்டு நானும் தூங்கப் போனேன். எனக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பனிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை மனதில் வந்திருந்தது. ஆள் நடந்துகொண்டிருக்கும்வரை பிள்ளையும் இருக்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் அவரவர் பிழைப்புக்கு உதவும் சாமானை எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். மறுநாள்வரை தொடமாட்டோம். இவருடைய ஸ்பேனர்கள், அத்தையின் கத்தரிக்கோல், தையல் மெஷின். எல்லாவற்றுக்கும் நடுவில், தனி வாழையிலைத் துண்டில், கொழுக்கப் பூசிய சந்தனத்தோடு என் கேசட்.

"எல்லாரு வேல சாமானையும் வெச்சேன். ஒனக்கு இப்ப இதானே வேல" என்றார் அத்தை. வெட்கமாகத்தான் சொன்னார். எனக்கு மனசு இளகிப்போனது. இந்தப் பெண்மணி நான் சும்மா கிடக்கிறேன் என்று நினைக்கவில்லையே என்று தோன்றியது.

விஜயதசமியன்று ஆசையாகக் கேசட்டைப் போட்டேன். திரையில் கோடுகள். எடுத்து, எல்லோரும் செய்வதுபோல் வாயால் ஊதிவிட்டுப் போட்டேன். மறுபடி கோடுகள். கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே தகடெல்லாம் மஞ்சளாக இருந்தது.

"அத்தை, இத என்ன பண்ணீங்க?"

"சாமி முன்னால வெக்கிறது, சும்மாவா வெக்க முடியும்? மஞ்சத் தண்ணியில துணிய நனச்சு உள்ளாற விரல விட்டு நல்லா தொடச்சேன்."

அன்று சாயங்காலம் இவர் திருகாணியைக் கழற்றி, காயவைத்து, பென்சில் ரப்பரால் தகட்டைத் தேய்த்துப் போட்டார். படம் வந்தது. ஆளைக் காணோம். என் கடல், என் பாலைவனம், நான் இன்னும் நடக்காத பனி, ஒன்றும் இல்லை. காலியாக ஒரு கட்டம் மினுங்கியது, புதிதாகத் தொடங்கு என்று.

என் வாயை நான் அடக்கவில்லை. முந்தைய தைப்பூசத்தில், ஐந்து மாத வயிற்றோடு, அத்தையின் வேண்டுதலுக்காகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு பால்குடம் எடுத்து நடந்தேன். பிள்ளை போனது அதற்கடுத்த வாரம். அதனால்தான் போனது என்று டாக்டர் சொல்லவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. அன்றைக்கு நான் பேசினேன்.

"அப்ப என்னைய நடக்க வெச்சீங்க. இப்ப நான் நடந்ததயும் அழிச்சிட்டீங்க."

இவர் "ஏய்" என்று ஒரு சத்தம் போட்டார். அத்தை பூஜைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் அடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. இது அபசகுனம், இந்தப் பிள்ளையும் தங்காது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கேசட்டைத் தொடவே இல்லை. அத்தை சோறு கொண்டுவந்து வைப்பார், தட்டை எடுத்துப் போவார். முன்பெல்லாம் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். இப்போது கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார். அவருக்கும் அதே பயம்தான் என்று அப்புறம்தான் புரிந்தது.

சில நாள் கழித்து, மதியம் நல்ல மழை. தூக்கத்தில் அந்த ஆட்டத்தின் சண்டைப் பாட்டு கேட்டது. கனவு என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தால், அத்தை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். கன்ட்ரோலை மடியில் வைத்து, காலிங்பெல் அடிப்பதுபோல் ஒரே விரலால் அழுத்திக்கொண்டிருக்கிறார். திரையில் நீலத் தொப்பிக்காரன் முதல் ஊர் வாசலில் ஒரு குட்டிப் பூதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"நீ தூங்கு. ஆளு நோஞ்சானா இருக்கான். தேத்தி விடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாலத்தைத் தாண்டினாத்தான் வழி அத்தை" என்றேன்.

"அங்க பெரிசு பெரிசா வருது. நான் தாண்ட மாட்டேன். நான் இங்கனயே சுத்தறேன், நீ எந்திரிச்சு தூரத்துக்குப் போ."

அப்படியே வேலை பிரிந்தது. நான் தூங்கும் நேரமெல்லாம் அவர் முதல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து ஆளைத் தேற்றுவார். எங்கே படுக்க வைத்திருந்தாலும் படகேற்றிப் பழைய ஊருக்கே கூட்டிவந்துவிடுவார். நான் விழித்து மறுபடி தூரத்துக்குக் கூட்டிப்போவேன். இரவு பெட்டியை அணைக்கும்முன் அடுக்களையிலிருந்தே கேட்பார்: "படுக்க வெச்சிட்டியா?" பதில் வராமல் அவரும் படுக்கமாட்டார். ஏழாம் மாதம் போனது. முன்பு என்னைப் பாடாய்ப் படுத்திய பூதங்களெல்லாம் ஒரே தட்டில் சுருண்டன. அத்தை வளர்த்த ஆள் அல்லவா. இவர் ஜுருவிலிருந்து வந்து, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டால், "இருய்யா, கோட்டைக்குள்ள நிக்கிறோம்" என்பார் அத்தை.

எட்டாம் மாதமும் தாண்டியது. டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். எழுந்து நடக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் பால்கனிவரை நடந்து கடலைப் பார்த்தேன். பிறகு நானாகவே கட்டிலுக்குத் திரும்பி வந்து படுத்தேன், ஏனென்றால் பனி இன்னும் பாக்கி இருந்தது.

அந்த வெள்ளை நிலத்தை அத்தையும் நானும் சேர்ந்தே கடந்தோம். உறைந்த ஆற்றின்மேல் அவன் நடக்கும்போது காலடிச் சத்தம் வேறாகக் கேட்டது. வடகோடியில், ஒரு குகைக்குள், சண்டை போட யாருமே இல்லை. எரியாத அடுப்பு ஒன்று இருந்தது. பற்றவைத்தோம். பனி உருகியது. ஊர் ஊராகக் கதவுகள் திறந்தன. அவன் தன் ஊருக்குத் திரும்பி, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்தான். நான் என்ன அழுத்தியும் எழுந்திருக்கவில்லை.

முடிந்தது என்று நினைத்தபோது திரை மேலே மேலே போயிற்று. உலகம் முழுவதும் ஒரு கோலம்போல் கீழே விரிந்தது. அதன்மேல் மெல்லிய கோடு ஒன்று தானாக வரைந்துகொண்டே போனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அது நாங்கள் நடந்த வழி. ஒவ்வோர் அடியையும் அந்தக் கேசட் நினைவில் வைத்திருக்கிறது. கடல்மேல் ஒரு கோடு, பாலைவனத்தில் ஒரு கோடு, பனியில் ஒரு கோடு. முதல் ஊரைச் சுற்றி மட்டும் கோட்டின்மேல் கோடு, கோட்டின்மேல் கோடு, அந்த ஊரே தெரியாத அளவுக்கு மை அப்பியதுபோல் கிடந்தது.

"அது என்னா, அங்க மட்டும் கறையா இருக்கு?" என்று கேட்டார் அத்தை.

"நீங்க நடந்தது அத்தை."

டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்வளவா நடந்தேன்?" என்றார். பெட்டியை அன்று யாரும் அணைக்கவில்லை.

அடுத்த வாரம் மகள் பிறந்தாள். வார்டில் பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மா, "மருமக நல்லா ரெஸ்ட் எடுத்திச்சா?" என்று அத்தையிடம் விசாரித்தார்.

"ரெஸ்டா? அவ படுத்த எடத்துலயே உலகம் பூரா நடந்தா" என்றார் அத்தை. கொஞ்சம் பொறுத்து, "நானும் கூடவே நடந்தேன்" என்றார்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் பிள்ளையை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலைவிட்டு இறங்கி, முகம் கழுவப் போனேன்.