உள்ளங்காலுக்குத் தெரியாத தரை

என் அண்ணன் தபால்காரர். கீழப்பாவூர்ப் பக்கம் தினமும் நடந்தே தபால் கொடுத்து வந்தவர். ஒரு நாள் மத்தியானம் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்தார்.

"இன்னொண்ண எங்கன விட்டீங்க?" என்று மதினி கேட்டபோதுதான் குனிந்து பார்த்தார். கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. வெறுங்காலில் வழியெல்லாம் தார் ரோடு வேறு. உள்ளங்காலில் தோல் கொப்பளித்திருந்தது. நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அடுத்த மாதம் சமையலறைத் தரையில் ரத்தக் காலடிகளைக் கண்டு மதினி அலறினாள். குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. நான்தான் தென்காசியில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். "எப்ப குத்தப் போறீங்க?" என்று கேட்டார் அண்ணன்.

பிறகு கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். கண் திறந்திருந்த வரை அண்ணன் நேராக நின்றார். மூடியதும் சாய்ந்தார். டாக்டர் தாங்கிப் பிடித்தார்.

"சர்க்கரை வியாதி. பாதத்துல உணர்ச்சி செத்துப் போச்சு. தரை எங்க இருக்குன்னு இனி கண்ணுதான் இவருக்குச் சொல்லணும்" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு அண்ணன் தலை குனிந்தே நடந்தார். காலை ஓங்கி ஓங்கி வைப்பார். அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும்.

அந்த வருஷம் சாரல் நன்றாக இருந்தது. குற்றாலத்துக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். மதினி என்னிடம், "கையை விட்டுராதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். அருவிக்கடியில் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விடுலே, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

விட்டேன். அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நிற்க எனக்கும் ஆசையாக இருந்தது. தண்ணீர் முகத்தில் அறைந்ததும் அவர் கண்ணை மூடியிருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கையில் அவர் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார். அண்ணன் பாறையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

"நிக்கேனா தொங்குதேனான்னே தெரியலலே" என்றார், தூக்கி வரும்போது.

கை வழுக்கிவிட்டது என்று மதினியிடம் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். மறுக்கவில்லை.

அப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை. தினமும் சாயங்காலம் மதினி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதங்களுக்கு எண்ணெய் தேய்ப்பாள். "தெரியுதா?" என்பாள். கூரையைப் பார்த்தபடி, "தெரியுது" என்பார். ஒரு நாள் கிண்ணத்தில் எண்ணெயைத் தொட்டுக்கொண்டிருந்தபோதே பழக்கத்தில் கேட்டுவிட்டாள். அவள் கை இன்னும் காலுக்கு வரவில்லை.

"தெரியுது" என்றார் அண்ணன்.

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.