டில்கா ஓடையில் கொட்டிய தண்ணீர்

டில்கா ஓடையில் தண்ணீர் வருவதே ஆறு வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ ஒருமுறை. மற்ற நாளெல்லாம் அது பாலைவனத்தில் வெடித்துக் கிடக்கும் களிமண் தரை. வடக்கே போகும் மண்பாதை அதன் நடுவே ஓடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை ஊர்ந்து வந்து சேரும்போது மேலே ஒரு மேகம்கூட இருக்காது. ஆனால் பாதை நான்கு கிலோமீட்டர் அகலத்துக்கு மூழ்கிப் போயிருக்கும். கரையில் கவிழ்ந்த தொட்டி மாதிரி கிடக்கும், வண்டிகளை அக்கரை சேர்க்கும் இரும்பு மிதவைக்கு அப்போதுதான் வேலை. ஒரு நடைக்கு ஒரு வண்டி.

அதை ஓட்டத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் ராய்ஸ் கெம்ப் ஒருவர்தான். வெள்ளமில்லாத வருடங்களில் மாட்டுப் பண்ணைகளுக்கு வேலி போடுவார். ஐம்பத்தாறு வயது, தனி ஆள், வாய் கொஞ்சம் அதிகம். வடகரைக்கு எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் விடுதியில் சனிக்கிழமைதோறும் சாப்பிடுவார். அங்கே சமையல் என் பொறுப்பு.

வெள்ளம் வந்த ஒரு வருடம், மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தென்கரையில் ஒரு வெள்ளை பிக்கப் வந்து நின்றது. கிளிஃபர்ட் ஆம்ஸ் என்று ஒருவர், அறுபதைத் தாண்டியவர். வெள்ளத்துக்கு வந்திறங்கிய கூழைக்கடாப் பறவைகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னாராம். வண்டியில் கூடாரம், டீசல், மூன்று பெரிய கேன் தண்ணீர். மிதவை தாங்கும் எடைக்கு மேல். ராய்ஸ் தண்ணீரைக் கொட்டச் சொன்னார்.

“நல்ல தண்ணியவா?”

“சுத்திப் பாருங்க ஐயா. இதுக்கா பஞ்சம்? அந்தக் கரையில புடிச்சுக்கலாம்.”

இருவருமே சிரித்திருக்கிறார்கள். ஆம்ஸ் மூன்று கேனையும் ஓடையிலேயே கவிழ்த்தார்.

வடகரையில் இறங்கியதும் அவர் வண்டியைச் சரிவிலேயே நிறுத்திவிட்டு ஒரு கேனோடு தண்ணீருக்கு வந்தார். மேலே, மிதவையேறித் தெற்கே போக, அஞ்சல் வண்டி இரண்டு மணி நேரமாகக் காத்துக் கிடந்தது. அதன் ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. காற்று வேறு கிளம்பிவிட்டது. முதலில் வழியை விட்டு மேலே போகும்படி ராய்ஸ் கையை வீசினார். ஆம்ஸ் காலிக் கேனோடு வண்டியில் ஏறினார். மேலே நிறுத்திவிட்டுத் திரும்பி வருவார் என்று நினைத்ததாக ராய்ஸ் பிறகு என்னிடம் சொன்னார். வந்தாரா என்று பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

எங்கள் விடுதிக்கு ஆம்ஸ் வந்து சேரவேயில்லை. வருகிறார் என்பதே எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை அவருடைய அக்கா போலீசுக்குச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை விமானம் கண்டுபிடித்தது. பாதை பிரியும் இடத்தில் மேற்கே போகும் பழைய தடத்தைப் பிடித்திருக்கிறார். முப்பது கிலோமீட்டர் போனதும் மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. நாற்பத்து நான்கு டிகிரி வெயில். வண்டிக்கு அடியில் நிழலில் படுத்திருந்தார். மூன்று கேன்களும் காலி. மூடிகள் மட்டும் இறுக்கித் திருகியிருந்தன.

மரண விசாரணையில் ராய்ஸ் எதையும் மறைக்கவில்லை. யார் மீதும் குற்றமில்லை என்று எழுதி முடித்தார்கள்.

ஏப்ரலில் பல் பிடுங்கிக்கொண்டு தெற்கேயிருந்து திரும்பியபோது நான் மிதவையில் வந்தேன். வடகரையை முட்டியதும் ராய்ஸ் இன்ஜினை நிறுத்தினார். வண்டிகள் இறங்கும் பலகையை இறக்கவில்லை. கரையோரத்தையே பார்த்தபடி நின்றார். ஏதோ பழுது என்று நினைத்து, ஏன் இறக்கவில்லை என்று கேட்டேன்.

“கொஞ்சம் பொறு ஐலா. ரெண்டு கேன் ஆயிடுச்சு. இன்னும் ஒண்ணுதான்.”

கரையில் யாரும் இல்லை. ஆனால் குறுகிய வாய்க்குள் தண்ணீர் போகும் குபுகுபு சத்தம் எனக்கும் கேட்டது. இரும்புத் தட்டுக்கு அடியில் அலை அடித்திருக்கலாம். நான் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன். சற்று நேரத்தில் அவர் யாருக்கோ தலையசைத்துவிட்டுப் பலகையை இறக்கினார்.

ஒவ்வொரு நடைக்கும் இதே கதைதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். முதலில் கத்தியவர்கள் பிறகு பேசாமல் காத்திருக்கப் பழகினார்கள். அஞ்சல் வண்டிக்காரர் அங்கே ஹாரன் அடிப்பதையே விட்டுவிட்டார்.

ஜூலையில் தண்ணீர் வடிந்தது. அடுத்த மாதம் ஆம்ஸின் அக்கா பெரில் வந்தார். ராய்ஸே அவரை ஓட்டிப் போனார், துணைக்கு நான். காய்ந்த ஓடையில் வண்டியை நிறுத்தி, தண்ணீரைக் கொட்டச் சொன்னது முதல் கையை வீசியது வரை எல்லாவற்றையும் சொன்னார்.

பெரில் இறங்கி, வெடித்த களிமண்ணில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு, “நாப்பது வருஷம் டிராம் ஓட்டுனவன். பின்னாடி ஒருத்தர் காத்திருக்காருன்னா அவனுக்குத் தாங்காது,” என்றார்.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

“உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல நான் வரல. இடத்தப் பாக்க வந்தேன்.”

“தெரியும்மா,” என்று சொல்லி, ஆம்ஸ் கேனோடு நின்ற இடத்தில் போய் நின்று காட்டினார்.

ஆறு வருடம் கழித்து மறுபடி வெள்ளம் வந்தது. ராய்ஸ் மறுக்கவில்லை, வேறு ஆளும் இல்லை. இந்த முறை வடகரையில் அவர் காத்திருப்பதில்லை, முட்டியதும் பலகையை இறக்கிவிடுகிறார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. சனிக்கிழமை சாப்பாட்டின்போது அதைச் சொன்னேன்.

அவர் ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே, “அவரு இப்ப ஏறவே மாட்டேங்கறாரு ஐலா,” என்றார். “தென்கரையிலயே நெறஞ்ச கேனப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. கொட்ட மாட்டேங்கறாரு.”

தட்டை முழுதாகக் காலி செய்துவிட்டு, காலை நடைக்கு ஆள் காத்திருக்கும் என்று சொல்லி எழுந்து போனார்.