ஊசி போட்டுத்தான் இளைத்தேன்

மாரிக்கண்ணுவின் உடம்பைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லாமல் அவளைக் கடந்து போன ஆள் அந்த ஊரில் கிடையாது. பேட்டைக்கு மேற்கே, வாய்க்கால் கரையை ஒட்டின சின்ன ஊர் அது. அங்குள்ள பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு அமைப்பாளர். இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்தவள் இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டாள். அவள் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் பஸ் ஓட்டுகிறார்கள், வங்கியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வழியில் பார்த்தால் அவர்களும், “டீச்சர், கொஞ்சம் நடக்கக் கூடாதா?” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

சிறு வயதிலிருந்தே பெருத்த உடம்பு. அவளுடைய அம்மாவுக்கும் அப்படித்தான், அம்மாவின் அக்காவுக்கும் அப்படித்தான். புருஷன் சங்கிலிபூதத்தான் பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருந்தான். அவள் தின்பதைப் போல இரண்டு பங்கு தின்பான். தொப்பை சரிந்து, லுங்கிச் சாரம் இடுப்பில் நிற்காது. அவன் இலையை எட்டிப் பார்த்தவர்கள் யாருமில்லை. அவள் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் மட்டும் பரிமாறுகிறவன் கை ஒரு நொடி நிற்கும். “போதுமாக்கா?” என்பான், போடுவதற்கு முன்பே.

இதையெல்லாம் அவள் சிரித்துச் சமாளித்துவந்தாள். சமாளிக்க முடியாமல் போனது பெற்றோர் கூட்டத்தில்தான்.

ஒரு நாள் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு முட்டை பற்றவில்லை. வந்த முட்டைகளில் சில அழுகல், தூக்கிப் போட்டாயிற்று. அதை மாரிக்கண்ணு எழுந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பெற்றோர் குழுத் தலைவி ராஜராஜேஸ்வரி குறுக்கே பேசினாள்.

“முட்ட எங்கன போவுதுன்னு தனியா விசாரிக்கணுமாக்கும்? அந்த ஒடம்பப் பாத்தாத் தெரியலையா?”

கூட்டம் மொத்தமும் சிரித்தது. தலைமையாசிரியர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். மறுவாரம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து இருப்பைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தது என்று ஊருக்குள் சொல்ல ஒருத்தரும் வரவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் ஊரில் நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து மாரிக்கண்ணு முட்டையை வாயில் வைக்கவில்லை, சொந்த வீட்டில்கூட.

இளைக்க அவள் படாத பாடு இல்லை. கொள்ளு வேகவைத்த தண்ணீர், வெறும் வயிற்றில் தேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முழுக்கு. விடியுமுன் வாய்க்கால் கரையில் நடப்பாள். கரையில் பல் துலக்கிக்கொண்டிருப்பவர்கள், “இன்னும் வெரசா, வெரசா!” என்று மாட்டை விரட்டுவது போல விரட்டுவார்கள். பேட்டையில் இசக்கிமுருகன் என்ற பையன் ஜிம் திறந்தபோது அங்கேயும் சேர்ந்தாள். சேர்ந்த அன்று, பக்கவாட்டில் நிற்கவைத்து அவன் ஒரு படம் எடுத்தான். ஒரு வருஷம் டிரெட்மில் பட்டையில் வேர்த்து விறுவிறுத்து நடந்தாள். கொஞ்சம் குறையும், பிறகு பசி வந்து பேயாய் ஆட்டும், குறைந்ததற்கு மேல் ஏறிவிடும். “மனசுல உறுதி இல்ல மதினி” என்று இசக்கிமுருகன் சொல்லிவிட்டான்.

முழங்கால் தேய்ந்து, சர்க்கரையும் ஏறிய பிறகு, பாளையங்கோட்டையில் டாக்டர் ரீபாவிடம் போனாள். உட்கார்ந்ததும் அவளே தொடங்கினாள்: “தெரியும் டாக்டர், சோத்தக் கொறைக்கணும், நடக்கணும். செய்யுதேன்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க செய்யலைன்னு நான் சொன்னேனா? இவ்வளவு நாள் செஞ்சும் குறையலைன்னா, அது உங்க தப்பு இல்லம்மா. வயிறு நிறைஞ்சுதுன்னு மூளைக்குச் சொல்ற ஏற்பாடு உங்க உடம்புல சரியா வேலை செய்யலை. இது ஒரு வியாதி. மருந்து இருக்கு.”

மாரிக்கண்ணுவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் ஒருத்தராவது இதைச் சொல்லியிருக்கலாமே என்ற கோபம்.

வாரத்துக்கு ஒரு ஊசி, வயிற்றுத் தோலில் தானே போட்டுக்கொள்வது. முதல் வாரங்கள் நரகம். சத்துணவுக்கூடத்தில் சாம்பார் கொதிக்கும் வாசனைக்கே குடலைப் புரட்டும். பின்பக்கம் ஓடிப் போய் வாந்தியெடுப்பாள். டாக்டர் அளவைப் பையப் பைய ஏற்றினார். “ஊசி போட்டுட்டுச் சும்மா இருக்கக் கூடாது, நடக்கணும். சதை கரையாம இருக்கத் தினம் முட்டை சாப்பிடணும்” என்றார். முட்டை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, “ஏன், பிடிக்காதா?” என்று கேட்டார். “பிடிக்கும் டாக்டர், தின்ன விடலை” என்றாள். அன்று வீட்டுக்கு வந்து ஒரு முட்டையை அவித்து, வாசலில் நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

மாதங்கள் போகப் போக உடம்பு இறங்கியது. மண்டைக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சோற்று நினைப்பு அடங்கியது. மாடிப் படியில் மூச்சு வாங்காமல் ஏறினாள். சங்கிலிபூதத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜிம்மில் எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் வைத்து, கீழே ‘நடைப்பயிற்சியின் வெற்றி’ என்று எழுதிவிட்டான். ஊர் கொண்டாடியது. “மனசு வச்சா எதையும் சாதிக்கலாம்னு காட்டிட்டியே” என்று தலைமையாசிரியர் காலை வழிபாட்டில் அவளை நிற்கவைத்துப் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார்.

கைதட்டல் ஓய்ந்ததும் மாரிக்கண்ணு, “நடந்து கொறையல சார். ஊசி போட்டுத்தான் இளைச்சேன்” என்றாள்.

தலைமையாசிரியரின் சிரிப்பு அப்படியே நின்றது. சாயங்காலத்துக்குள் சேதி ஊரைச் சுற்றிவிட்டது. “அதான பாத்தேன்” என்றார்கள். “குறுக்கு வழி” என்றார்கள். நேற்றுவரை உறுதியில்லாதவள் என்று ஏசிய வாய்கள் இப்போது ஏமாற்றுக்காரி என்றன.

வீட்டில் புருஷனும் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான். “ஏளா, ஊசின்னு எதுக்குச் சொன்ன? நடந்தேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. கேக்கவன்லாம் ஒரு மாதிரி சிரிக்கான்.”

“ஒங்க பிரஷர் மாத்திரையப் பாத்து யாராவது சிரிக்காவளா? மனசு வச்சுக் கொறைக்காம மாத்திர திங்கியேன்னு எவனாவது கேட்டானா? கண்ணாடி போட்டவனப் பாத்து, குறுக்கு வழியில பாக்கியேன்னு கேப்பியளா? என் ஒடம்புன்னா மட்டும் வேர்த்து வேர்த்துத்தான் கொறையணும், பட்டினி கெடந்துதான் கொறையணும். கஷ்டப்பட்டாத்தான் மன்னிப்பு. நான் என்ன குத்தம் செஞ்சேன், தண்டனை அனுபவிக்க?”

அவன் பட்டறைக்குப் போய்விட்டான்.

அந்த வாரமே பேட்டை மெயின் ரோட்டில், ஜிம் வாசலில், ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. இசக்கிமுருகனின் ஜிம் விளம்பரம். வாட்ஸ்அப்பில் வந்த அதே இரண்டு படங்கள், ஆள் உயரத்துக்கு. நடுவில் சிவப்பு எழுத்தில்: ‘ஊசி இல்லை! மாத்திரை இல்லை! வியர்வை மட்டுமே!’

மாரிக்கண்ணு பஸ்ஸின் ஜன்னல் வழியே அதைப் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நேரே ஜிம்முக்குப் போனாள்.

“ஏலே, யாரக் கேட்டு என் படத்த வச்ச?”

“நம்ம மதினிதானன்னு வச்சேன். அண்ணாச்சிதான் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாவளே. நீங்க இங்கன வந்து வேர்க்க வேர்க்க நடந்தது பொய்யா?”

“நடந்தது மெய்தாம்லே. நடந்தும் கொறையலன்னு ஏன் எழுதல?”

“அப்படி எழுதினா எவன் மதினி வருவான்? எனக்கும் பொழப்பு இருக்குல்லா. ஒரு வாரம் நிக்கட்டும், கழட்டிருதேன்.”

“இப்பக் கழட்டு.”

“ஆளு இல்ல மதினி.”

அவள் வெளியே வந்தாள். எதிரே டீக்கடையில் கிடந்த ஸ்டூலை இழுத்துவந்து போட்டாள், சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள், ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். ஃபிளெக்ஸ் சரசரவென்று நடுவில் கிழிந்தது. பழைய மாரிக்கண்ணு ஒரு பக்கமும் புதிய மாரிக்கண்ணு ஒரு பக்கமுமாய்த் தொங்கினார்கள். இரண்டையும் இழுத்துப் போட்டாள். பழையவளை இழுக்கும்போது மட்டும் முகம் கிழியாமல் பார்த்துக்கொண்டாள். அவள் பாவம், ஒரு தப்பும் செய்யாதவள்.

“மதினி, எறங்குங்க மதினி, ரோட்டுல எல்லாரும் பாக்காவ!”

“பாக்கட்டும்! எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஊசி போட்டுத்தான் இளைச்சேன். டாக்டர் எழுதிக் குடுத்து, முறையாப் போட்டேன். இவன் மெஷின்ல ஒரு வருஷம் நடந்தேன், ஒரு மண்ணும் நடக்கல!”

யாரோ படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். ‘ஊசி ராணி’ என்று பெயர் வந்தது. விலை கூடின ஊசி, பணத் திமிர் என்றார்கள். அப்படிச் சொன்ன வீடுகளிலிருந்தே பெண்கள் ஒவ்வொருத்தியாக போன் செய்தார்கள்: “எந்த டாக்டர்? பேரு என்ன? நான் கேட்டேன்னு வெளிய சொல்லிராத.” மாரிக்கண்ணு டாக்டரின் முகவரியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போனை வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் முடிந்து வந்தவளின் வீட்டு வாசலில் ராஜராஜேஸ்வரி நின்றிருந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால் அவள் மகள் சித்ரலேகா, துப்பட்டாவை உடம்பைச் சுற்றி இழுத்துப் போர்த்தியபடி.

“மதினி, இவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. மாப்பிள்ள வீட்டுல, பொண்ணு கொஞ்சம் பூசுன மாதிரி இருக்குன்னு ஒரு சொல்லு சொல்லிட்டாவ. நாள் ரொம்பக் கிட்ட வந்துட்டு. ஒங்க ஃபிரிஜ்ஜுல இருக்கதுல ரெண்டு ஊசி தந்தியன்னா…”

“டாக்டர்ட்ட போங்க.”

“போனா ஏன் எதுக்குன்னு கேப்பாவ. வெளிய தெரிஞ்சுபோவும். கல்யாணத்துக்கு மின்ன ஊசி போட்டான்னு ஒரு பேரு வரவா?”

மாரிக்கண்ணு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்த வயதில் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற உடம்புதான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. உதடு வெடித்திருந்தது.

“ஏட்டி, காலையில என்ன தின்ன?”

சித்ரலேகா அம்மாவைப் பார்த்தாள். “கொள்ளுத் தண்ணி.”

“நேத்து?”

“நேத்தும் அதான்.”

மாரிக்கண்ணு உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு, மேலே அவித்த முட்டையை வைத்துக் கொண்டுவந்தாள். “உக்காந்து தின்னு.”

ராஜராஜேஸ்வரி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “திங்காத, எந்திரி! நான் சோறு கேட்டா வந்தேன்?”

“கைய எடு!” என்று மாரிக்கண்ணு போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. “நான் முட்ட திருடித் தின்னேன்னு ஊரக் கூட்டிச் சொன்ன. நான் நாள் பூரா அடுப்படியில நின்னுட்டு, வீட்டுக்கு வந்து பட்டினி கெடந்தேன், தெரியுமா ஒனக்கு? இப்ப பெத்த பிள்ளையையும் அதே மாதிரிப் பட்டினி போடுத. இந்தப் பிள்ளைக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல. சீக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் வாயில இருக்கு. அவனுக்குப் போடு ஊசிய! இது சீக்குக்கு உள்ள மருந்து. அழகு மருந்துன்னு நெனச்சு வந்து நிக்காத. என் மருந்துல ஒரு சொட்டு தர மாட்டேன்.”

சித்ரலேகா அதற்குள் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். குனிந்த தலை நிமிராமல், பிசைந்து பிசைந்து, வேகமாகத் தின்றாள். தாய்க்காரி வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “வாரேன் அத்த” என்று சொல்லி, பின்னாலேயே மெதுவாகப் போனாள்.

அடுத்த நாள் தெருவில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. தான் மட்டும் இளைத்தால் போதும் என்று நினைக்கிற பொறாமைக்காரி, கேட்டு வந்தவர்களை விரட்டினாள் என்று. மாரிக்கண்ணு யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. டாக்டர் வேறொன்றையும் சொல்லியிருந்தார்: ஊசியை நிறுத்தினால் எடை திரும்பி வரலாம், சர்க்கரைக்கு மாத்திரை போல ரொம்ப நாள் போட வேண்டியிருக்கும். அதைக் கேள்விப்பட்டவர்கள், “பாத்தியா, நிரந்தரமில்ல” என்று சந்தோஷப்பட்டதையும் அவள் காதால் கேட்டாள்.

சித்ரலேகாவின் கல்யாணத்துக்குத் தெரு முழுக்கப் பத்திரிகை வைத்தார்கள். மாரிக்கண்ணு வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். பட்டறையில் சங்கிலிபூதத்தான் கையில் தனியாக ஒன்று கொடுத்திருந்தார்கள். கல்யாணத்தன்று காலையில் அவன் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான்.

“தலையக் காட்டிட்டு வந்துருதேன். ஊருக்குள்ள இருக்கணும்லா.”

“போங்க. போனா அங்கனயே பந்தியில இருந்துக்கிடுங்க. இங்க உலை வைக்க மாட்டேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவன் வாசல்படியில் செருப்பை மாட்டினபடியே நின்றான், போகவும் இல்லை, வரவும் இல்லை.

கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் தெருவழியே வந்தது. யாரோ கூப்பிட்டார்கள்: “அண்ணாச்சி, சட்டையெல்லாம் போட்டு நிக்கியோ, கெளம்பலையா?”

சங்கிலிபூதத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டான். “வரல. எம் பொண்டாட்டியக் கூப்பிடாத வீட்டுக்கு எனக்கு என்ன வேல?” பிறகு, பட்டறை இரைச்சலில் பேசிப் பழகின குரலில், “அவ மருந்து போட்டு நல்லாருக்கா. அது ஒங்க யாருக்காவது பிடிக்கலன்னா, நான் ஒண்ணும் செய்ய முடியாதுவே” என்றான்.

மாரிக்கண்ணு உள்ளே நின்று கேட்டாள். அவளுக்குக் கோபம் ஆறவில்லை. இதைச் சொல்ல இவனுக்கு இவ்வளவு நாள் ஆயிற்றே என்று அதற்கும் சேர்த்து வந்தது. ஆனாலும் பானையை எடுத்து அடுப்பில் வைத்து, இரண்டு பேருக்கு அரிசி களைந்தாள்.