இறக்கைக்குள் விழுந்த தாயத்து

ரூபேந்திரன் ஒல்லி. சாதாரண ஒல்லி இல்லை. மலேசியாவில் சாஆ என்ற சிற்றூரில் படித்த நாளில், பூட்டிய இரும்புக் கதவின் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து பந்தை எடுத்து வருவானாம். ஒரு தடவை அப்படி நுழைந்தபோது, அந்தப் பக்கம் நின்ற காவலாளி, வந்தது நிழல்தான் என்று நினைத்து ஆளுக்காகக் காத்துக்கொண்டு நின்றாராம். ஊரில் சொல்கிறார்கள். நான் கூட்டிச் சொன்னது அந்தக் காவலாளியை மட்டும்தான்.

அந்த உடம்புதான் அவனுக்குச் சோறு போட்டது. அவனைப் பிடித்து வைத்ததும் அதே உடம்புதான். விமான எஞ்சினில் கை வைக்கவேண்டும் என்ற ஆசையில் படித்துவிட்டு, ஜொகூரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெரிய ஹேங்கரில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் நாள் மேலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சந்தையில் முருங்கைக்காய் பொறுக்குகிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "நீ டேங்க்குக்குப் போ" என்று சொல்லிவிட்டார். போனவன்தான். எஞ்சின் பக்கம் போகிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டான். ஒவ்வொரு வருஷமும், "உன்ன விட்டா அந்த ஓட்டைக்குள்ள யாருப்பா போவா?" என்று சிரித்து அனுப்பினார்கள்.

ஓட்டை என்றால் இதுதான்: ஜன்னலோரம் உட்கார்ந்து நாம் ரசிக்கிற இறக்கை இருக்கிறதே, அதுதான் எரிபொருள் தொட்டி, அதன் உள்ளே முழுக்க எண்ணெய். இறக்கையின் அடிப்பக்கம் முட்டை வடிவில் ஒரு வாய் வைத்திருப்பார்கள். நல்ல முறம் ஒன்றை அதற்குள் நுழைக்க முடியாது. எண்ணெயை வடித்து, காற்றைச் செலுத்தி, மணமெல்லாம் போன பிறகு (போகாது, போய்விட்டதாக ஒரு கருவி சொல்லும்) ஓர் ஆள் அதில் நுழையவேண்டும். முதலில் கைகள், பிறகு தலை, பிறகு ஒரு தோள், மூச்சை முழுக்க விட்டால் மற்றத் தோள். உள்ளே உட்கார முடியாது, நிமிர முடியாது. அடுக்கடுக்காக அலுமினியத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் இன்னொரு ஓட்டை. அதில் நுழைந்தால் அடுத்த அறை, அதற்கு அப்பால் இன்னொன்று. தாயின் வயிற்றில்கூட இதைவிடக் கொஞ்சம் புரளலாம்.

வானத்தில் எஞ்சின் நின்றால் எல்லாரும் பறவையைத்தான் திட்டுகிறோம். ஆனால் தொட்டிக்குள் யாரோ மறந்து விட்டுவந்த ஒரு துணித் துண்டு போதும். அது மெல்ல நகர்ந்து போய்ப் பம்ப்பின் வாயில் உட்காரும். எண்ணெய் வராது. எண்ணெய் வராவிட்டால் எஞ்சினுக்கும் அணைந்த அடுப்புக்கும் வித்தியாசமில்லை. அதனால்தான் டேங்க் ஆட்களுக்கு அத்தனை சட்டம். கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். சட்டையில் பை இருக்காது, பித்தான் இருக்காது. மோதிரம், கடிகாரம், சங்கிலி, கயிறு, எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது.

ரூபேந்திரன் தடுக்கி விழுந்தது அந்த 'எதுவும்' என்ற சொல்லில்தான்.

அவன் மாமியார் வெள்ளையம்மா அதே ஜொகூரில், ரெங்கம் என்ற ஊரில் இருக்கிறாள். கல்யாணமான புதிதில் மருமகனின் வேலையைப் பற்றி விசாரித்திருக்கிறாள்.

"ஏரோப்ளேன் றெக்கைக்குள்ளயா போறீங்க மாப்பிள்ள? தெரியாம மூடிட்டாங்கன்னா?"

"மூட மாட்டாங்க அத்தை. வெளியில ஆள் உக்காந்திருக்கும்."

"யாரு?"

"நாசர் பாய்."

"அந்தப் பாய் டீ குடிக்கப் போயிட்டா?"

அடுத்த வாரமே முனியாண்டி கோயிலில் மந்திரித்த வெள்ளித் தாயத்து ஒன்று அவனுடைய அரைஞாண் கயிற்றில் ஏறிவிட்டது. ஆண்பிள்ளையின் இடுப்பிலிருந்து அந்தக் கயிற்றை எப்போது அறுப்பார்கள் என்று நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். கிடத்திக் குளிப்பாட்டும்போதுதான் அறுப்பார்கள். தினமும் காலையில் மோதிரமும் கடிகாரமும் தொட்டியின் வாய்ப்பக்கம் வைத்த தட்டுக்குப் போயின. கயிறு மட்டும் உடுப்புக்கு உள்ளே, சதையோடு ஒட்டிக்கொண்டு, அவனோடு தொட்டிக்குள் போய்வந்தது.

இப்படியிருக்க, போன வருஷம் அவன் ஜாதகம் திரும்பியது. எஞ்சின் பிரிவில் ஓர் இடம் காலியானது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து நீ அங்கே என்று சொல்லிவிட்டார்கள். மனைவி பிரவீனா வேலைக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சப்பாத்து வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் சந்திரமதி மட்டும் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். தொட்டியை மூடலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான்.

"இந்த வாரம் எந்தக் கரும்புள்ளியும் வேணாம் ரூபன். ஒண்ணு விழுந்தாலும் அந்த இடம் வேற ஆளுக்குப் போயிரும். புரியுதா?"

"புரியுது மேடம்."

வியாழக்கிழமை காலை ஓர் இறக்கையில் எண்ணெய்க் கசிவு. ரூபேந்திரன் உள்ளே போனான். வாய்க்குப் பக்கத்தில் முக்காலி போட்டு நாசர் உட்கார்ந்தார். பெர்மாஸ் ஜெயாவில் அவருடைய அண்ணன் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாக் கடை நடத்துகிறார், தம்பியின் உடம்பே அந்தக் கடைக்கு விளம்பரப் பலகை. உள்ளே போனவன் உயிரோடு இருக்கிறானா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் நாசரின் வேலை. பதில் வராவிட்டால் மணியை அடிக்கவேண்டும், ஹேங்கரே ஓடிவரும்.

"ரூபன்! ஓகேவா?"

"ஓகே பாய்!"

"இல்லன்னா சொல்லுலா. உன் மத்தியானச் சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்."

மூன்று தடுப்புகள் தாண்டி, கசிந்த மூலையில் பசை பூசி முடித்தான். "முடிஞ்சிருச்சு பாய், வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் பின்னோக்கி நகர்ந்தான். முதல் தடுப்பைத் தாண்டும்போது இடுப்பில் எதுவோ பிடித்து இழுத்தது. குழாயைத் தாங்கும் கொக்கி ஒன்று உடுப்பின் இடைவெளியில் நுழைந்து கயிற்றைக் கவ்வியிருந்தது. உதறினான். இடுப்பு திடீரென்று லேசானது. பிறகு, டிங்.

இன்னொரு டிங், கொஞ்சம் தள்ளி. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

குளிர்ந்த அலுமினியத்தின் மேல் படுத்தபடி இடுப்பைத் தடவிப் பார்த்தான். வெறும் சதை. பிறந்த நாளிலிருந்து இருந்த ஒன்று அங்கே இல்லை.

விளக்கைத் திருப்பினான். தடுப்பின் அடியில் சின்னச் சின்னக் கதவுகள் தொங்கும். எண்ணெயைப் பம்ப் இருக்கிற பக்கமாகப் போகவிட்டு, திரும்பி வரவிடாமல் பிடித்துக்கொள்ளும் ஒருவழிக் கதவுகள். தாயத்து அந்தப் பக்கம்தான் உருண்டிருக்கவேண்டும். கையை ஓர் இடுக்கில் விட்டான். எட்டவில்லை. தோளையும் விட்டான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முன்னே தள்ளியதில், மாமியார் வீட்டு ஆட்டுக்கறிப் பிரட்டல் நாலு வருஷமாக வளர்த்துவிட்ட அந்தச் சின்ன வயிறு ஓட்டையின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

முன்னே போக முடியவில்லை. பின்னேயும் வர முடியவில்லை.

"ரூபன்! ஓகேவா?"

வாயைத் திறந்தான். மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் மணி அடிக்கும், ஆட்கள் வருவார்கள், வேலையே இல்லாத இந்த இடுக்கில் உனக்கு என்ன வேலை என்று கேட்பார்கள்.

"ஓகே பாய்!"

"முடிஞ்சிருச்சுன்ன? இன்னும் உள்ள என்னா, குடக்கூலி குடுக்காம குடியிருக்கியா?"

"தொடச்சிட்டு வர்றேன்!"

வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க ஒரு கைகூட இல்லை. ஒரு கை இடுக்கில், மற்றது உடம்புக்கு அடியில். மூக்கின் முன்னால் ஒரு விரற்கடை தூரத்தில் பச்சை நிறத் தடுப்பு. மூச்சு இழுத்தால் விளிம்பு வயிற்றைக் கடித்தது. பயந்தால் மூச்சு வாங்கும், வாங்கினால் வயிறு உப்பும், உப்பினால் இன்னும் இறுகும். அது தெரிந்தும் பயந்தான். தெரிந்து என்ன செய்ய, வயிற்றுக்குத் தெரியவேண்டுமே.

அந்தப் பயத்துக்குள்ளேயே வேறொரு கணக்கும் ஓடியது. ஒவ்வொரு தொட்டியிலும் பம்ப் இரண்டு. ஒன்றின் வாய் அடைத்தாலும் மற்றது இழுக்கும். அதன் வாயிலும் வலை போட்டிருக்கும். சுண்டுவிரல் பருமன் தாயத்து என்ன செய்துவிடும்? பத்து வருஷம் அங்கேயே கிடக்கட்டும். முனியாண்டி காவல்தானே.

இப்படி நினைத்த மாத்திரத்தில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நிம்மதியில் நீளமாக மூச்சு விட்டான். வயிறு சுருங்கியது. உடம்பு வழுக்கிப் பின்னால் வந்துவிட்டது.

வெளியே ஹேங்கரின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. சந்திரமதி கருவிகளை எண்ணினார். விளக்கு, பசைக் குழல், துணி, எல்லாம் சரி. வாய் வழியே தலையை விட்டு, வேலை நடந்த திசையில் விளக்கடித்துப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. மூடலாமா ரூபன்?"

"மூடலாம் மேடம்."

அவர் அடுத்த இறக்கைக்கு நடந்தார். நாசர் மூடியைத் தூக்கி வைத்து ஆணிகளைத் திருக ஆரம்பித்தார். ரூபேந்திரன் பக்கத்தில் நின்றான். உள்ளே நெருக்கிய தடுப்பை விட்டு வந்துவிட்டோம் என்றிருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆணி இறுகும்போதும் அதே விளிம்பு அதே இடத்தில் கடித்தது. கை தானாக இடுப்புக்குப் போனது. எடுத்தான். மறுபடியும் போனது.

"என்னா மச்சான், இடுப்புல எறும்பா?" என்றார் நாசர்.

"ஒண்ணுமில்ல பாய்."

நாசர் நிறுத்தினார். அவருக்கும் புஜத்தில் ஒரு தாயத்து உண்டு. தினமும் காலையில் கழற்றி, முத்தமிட்டு, காலுறைக்குள் சுருட்டி அலமாரியில் வைப்பார். ரூபேந்திரனின் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்புளியை அவனிடம் நீட்டினார்.

"மிச்ச ஆணிய நீயே போடு."

"நீங்க போடுங்க பாய்."

"இல்ல. எனக்கு உள்ள என்னா இருக்குன்னு தெரியாது. உனக்குத்தானே தெரியும். நீ போடு."

திருப்புளியை வாங்கினான். ஆணியின் தலையில் வைத்தான். அது வழுக்கியது. திரும்ப வைத்தான், திரும்பவும் வழுக்கியது.

"மேடம்!" என்று கத்தினான். குரல் கூரையில் மோதித் திரும்பியது. நாலு பக்கமிருந்தும் ஆட்கள் பார்த்தார்கள்.

சந்திரமதி வந்தார். தாயத்து விழுந்ததை அவன் சொல்லக் கேட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையை மட்டும் நீட்டினார். தொட்டிக்குள் போவதற்கான அட்டையை ரூபேந்திரன் தட்டிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தான். திங்கட்கிழமையும் அதோடு சேர்ந்து போனது.

"தாயத்து மட்டுமா, கயிறுமா?"

"ரெண்டும் மேடம்."

"தாயத்தக் கூட வல பிடிச்சுக்கும். எனக்குக் கயித்த நெனச்சாதான் பயம். அது போய்ப் பம்ப்புல சுத்திக்கும்."

அட்டை இல்லாமல் ரூபேந்திரன் உள்ளே போக முடியாது. நாசரின் ஒரு தொடைகூட நுழையாது. சந்திரமதி வெள்ளை உடுப்பை மாட்டினார். அவரும் ஒரு காலத்தில் டேங்க் ஆள்தான். தோடு, மூக்குத்தி, கால் மெட்டி ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. கடைசியில் இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய், தாலிக்கொடியைத் தலை வழியாகக் கழற்றினார்.

ரூபேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இங்க பாரு. தட்டுல வைக்க மாட்டேன். நீ பிடி. கீழ போட்ட, கொன்னுருவேன்."

தொட்டிக்குள் அவர் கால்கள் மறைந்தன. நாசர் கேட்டுக்கொண்டே இருந்தார். "மேடம், ஓகேவா?" உள்ளேயிருந்து, தகரத்தில் பேசுவதுபோல, "ஓகே." ரூபேந்திரனின் உள்ளங்கையில் இன்னொருத்தியின் தாலி சூடாக இருந்தது. விரலை மடக்கினால் தப்பு, விரித்தால் விழுந்துவிடும். நின்ற இடத்திலிருந்து அசைய முடியவில்லை. உள்ளே சிக்கிக் கிடந்தபோதுகூட ஒரு கை இப்படி மரத்துப்போகவில்லை என்று பிறகு சொன்னான்.

ஒரு தடவை, நாசர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நாசரின் கை மணிக்குப் போனது.

"இரு, இரு! தாயத்து ஆம்ட்டுச்சு!"

கறுத்துப்போன முகத்தோடு அவர் வெளியே வந்தார். ஒருவழிக் கதவு ஒன்று பாதி திறந்தபடியே நின்றதாம். அதன் அடியில் ஆப்பு மாதிரி தாயத்து. கயிறு கதவைத் தாண்டி, பம்ப் பக்கம் தலையை நீட்டிக் கிடந்ததாம். இரண்டையும் ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார். கையைக் கழுவினார். தாலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிப் போட்டுக்கொண்டார்.

"நீ சொல்லலன்னா நான் சுத்தமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். அதற்கு மேல் அவனிடம் பேசவில்லை.

எஞ்சின் இடம் வேறொருவனுக்குப் போனது. பிரவீனா சப்பாத்துப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரெங்கத்துக்குப் போனார்கள். வெள்ளையம்மா எல்லாவற்றையும் கேட்டாள். கயிறு அறுந்த இடத்தில், "அய்யோ முனியாண்டி" என்று நெஞ்சில் கை வைத்தாள். தாலி வந்த இடத்தில் கையை எடுத்துவிட்டாள்.

"தாலியையா கழட்டுனாங்க?"

"ஆமா அத்தை."

"அத்தன ஆம்பளைங்க முன்னாடி?"

"ஆமா."

வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள்.

"அவுங்க வீட்டுக்காரரு நல்லாருக்காரா?"

"நல்லாருக்காரு. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போனாரு."

வெள்ளையம்மா எழுந்து உள்ளே போனாள். புதுக் கறுப்புக் கயிறும், ரவிக்கையில் தைக்கிற கொக்கி ஒன்றும் எடுத்துவந்தாள். கயிற்றில் கொக்கியைத் தைத்து, மாட்டிக் கழற்றி மாட்டிப் பார்த்து, மருமகனிடம் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து அட்டை திரும்பி வந்தது. எஞ்சின் பிரிவுக்கு இல்லை, தொட்டிக்குத்தான். முதல் நாள் காலை ரூபேந்திரன் தட்டில் மோதிரம் வைத்தான், கடிகாரம் வைத்தான். திரும்பி நின்று, உடுப்புக்குள் கைவிட்டுக் கொக்கியைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி அதன் மேல் வைத்தான். முக்காலியில் உட்கார்ந்திருந்த நாசர் எட்டிப் பார்த்தார்.

"காலையில உன் மாமியா போன் பண்ணாங்க."

"உங்களுக்கா? என்னாவாம்?"

"மாப்பிள்ள கழட்டி வச்சாரான்னு நான் கண்ணால பாத்துச் சொல்லணுமாம். அப்புறம் இன்னொண்ணு."

"என்னா?"

"நான் டீ குடிக்கப் போகக்கூடாதாம்."

ரூபேந்திரன் கைகளை ஓட்டைக்குள் விட்டான். பிறகு தலையை. ஒரு தோள் போனது. இடுப்பில் ஒன்றும் இல்லாதது கூச்சமாக, குளிராக இருந்தது. மூச்சை முழுக்க விட்டான்.